இரண்டு லிட்டர் நானூறு

இந்தக் கோடை விடுமுறையில் எங்கள் வீட்டு ஹோண்டா சிவிக் காருக்கு ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலை வாசலிலேயே வைத்து மாற்றினோம். ஒரு தடவையோடு விடவில்லை, மூன்று தடவை. அப்பாவும் நானும்தான். அப்பாவுக்கு 68 வயது. ஈரோட்டில் ஜீவா போக்குவரத்துக் கழகம் என்று பெயர் இருந்த காலத்திலேயே டெப்போவில் மெக்கானிக்காகச் சேர்ந்தவர். பஸ் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றியே கை காய்த்துப்போனவர். ஆனால் கிளட்ச் பெடல் இல்லாத வண்டியில் இதற்கு முன் அவர் கை வைத்ததே இல்லை. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஸ்பேனர் பிடிக்க அவரிடம் கற்றுக்கொண்டேன். ஆயிலுக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு நான் சொன்னேன். அப்படித்தான் இந்த வேலை நடந்தது.

ஆட்டோமேட்டிக் வாங்கியதற்குக் காரணம் அப்பாவின் இடது முழங்கால். மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை முடிந்து ஆறு மாதத்தில் நடக்க ஆரம்பித்துவிட்டார். ஆனால் டவுனுக்குள் நிமிஷத்துக்கு நாலு தடவை கிளட்ச் மிதித்தால் ராத்திரி கால் வீங்கிவிடும். வண்டி ஓட்ட வேண்டாம் என்று அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2009 மாடல் சிவிக், 1.8 லிட்டர், ஐந்து கியர் ஆட்டோமேட்டிக், இரண்டு கை மாறியது, எங்களிடம் வந்தது. இன்றைக்கு ஓடோமீட்டரில் 1,04,000 கி.மீ. இப்போது அந்த இடது காலுக்கு வண்டியில் வேலையே இல்லை. கியர்பாக்ஸ் கெட்டால் எங்களுக்குப் போவது பணம் மட்டும் இல்லை, அப்பா தானாகத் தாளவாடி போய் அத்தையைப் பார்த்துவிட்டு வருவதும் போய்விடும்.

தாளவாடி போகும் வழியில்தான் கோளாறு தெரிந்தது. பண்ணாரியிலிருந்து திம்பம் வரைக்கும் 27 கொண்டை ஊசி வளைவுகள். பதினைந்தாவது வளைவு தாண்டியதும் இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு ஏறும்போது பின்னாலிருந்து யாரோ தள்ளியது போல ஒரு குலுக்கல். சமவெளியில் அறுபது கி.மீ. வேகத்தில் ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்துப் போனால் சாலையில் ஜல்லி கொட்டியிருப்பது போல ஒரு நடுக்கம், இரண்டு விநாடி, அப்புறம் நின்றுவிடும். அப்பா ஜன்னலை இறக்கி டயர் சத்தத்தைக் கேட்டார். மறுபடி அதே வேகத்துக்குக் கொண்டுபோனார். "டயர் இல்ல அம்மிணி, உள்ளயிருந்து வருது" என்றார்.

ஊருக்கு வந்து இரண்டு ஒர்க்‌ஷாப்பில் கேட்டோம். முதல் இடத்தில் "இது லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்றார்கள். லைஃப் என்றால் யாருடைய லைஃப், எத்தனை கிலோமீட்டர் என்று அப்பா கேட்டார். பதில் இல்லை. இரண்டாவது இடத்தில் மெஷின் வைத்து மொத்த ஆயிலையும் அழுத்திக் கழுவி மாற்றப் பன்னிரண்டாயிரம் கேட்டார்கள். எந்த ஆயில் ஊற்றுவீர்கள் என்று கேட்டேன். "எல்லாத்துக்கும் போடற ஆயில்தாங்க மேடம்" என்றார் அந்தத் தம்பி. அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

கியர்பாக்ஸ் ஆயில் என்றால் அப்பாவுக்குத் தொண்ணூறு ஆயில்தான். பஸ் கியர்பாக்ஸில் ஊற்றும், தேன் மாதிரி கெட்டியான எண்ணெய். அதன் வேலை பல்லும் பல்லும் உரசாமல் காப்பது, அவ்வளவுதான். கறுத்துப் போனாலும் வண்டி ஓடும். ஆட்டோமேட்டிக்கில் இருக்கிற ஆயிலின் கதை வேறு. எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்தது போல ஓர் அமைப்பு. எஞ்சின் சுற்றும் விசிறி ஆயிலை வீசும், அந்த ஆயில் எதிர் விசிறியைச் சுற்றும். வேகம் பிடிக்கும் வரை இரண்டுக்கும் இடையில் இரும்பு இணைப்பு எதுவும் இல்லை, ஆயில்தான் வண்டியைத் தள்ளுகிறது. அடுத்து, கியர் மாற்றுவதும் அதுதான். நம் இடது கால் செய்த வேலையை ஆயில் அழுத்தம் செய்கிறது, உள்ளே இருக்கிற கிளட்ச் தட்டுகளை இறுக்குகிறது, விடுகிறது. இதோடு பல்லுக்கு உயவு, சூட்டை வெளியே எடுத்துப் போவது, எல்லாம் அதே ஆயில்.

அப்பா முதலில் கேட்ட கேள்வி: "அப்ப இதுல கிளட்ச்சு எங்க இருக்குது?"

"கியர்பாக்ஸுக்குள்ளயே, ஆயில்ல முங்கி இருக்குதுங்கப்பா."

அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. கிளட்ச் தட்டில் ஒரு சொட்டு ஆயில் பட்டாலே வழுக்கும் என்று நாற்பது வருஷம் பார்த்தவருக்கு, ஆயிலில் ஊறிக்கொண்டே பிடிக்கும் கிளட்ச் என்பதை உடனே ஏற்க முடியவில்லை. நியாயமான சந்தேகம்தான். அதற்கான விடை வேதியியலில் இருக்கிறது.

இந்த ஆயிலில் உராய்வை மாற்றும் சேர்மங்கள் கலந்திருக்கும். நீண்ட கார்பன் சங்கிலி. ஒரு முனை உலோகத்தை ஒட்டிக்கொள்ளும், மறு முனை எண்ணெய்க்குள் நீட்டிக்கொண்டிருக்கும். சோப்பு மூலக்கூறுக்கு ஒரு தலை, ஒரு வால் என்று பிள்ளைகளுக்குப் படம் போட்டுக் காட்டுவேனே, ஏறக்குறைய அதே அமைப்பு. உலோகத்தின் மேல் புல் முளைத்தது போல இவை வரிசையாக நிற்கும். தட்டுகள் நெருங்கும்போது வெடுக்கென்று கவ்வாமல் பதமாகப் பிடிக்கும். சூட்டில் இந்தச் சேர்மங்கள் சிதைந்துபோனால் பிடிக்கும் கடைசி நொடியில் பிடித்து, வழுக்கி, பிடித்து, வழுக்கி... அதுதான் அறுபதில் வந்த நடுக்கம். டார்க் கன்வெர்ட்டரின் இரண்டு பக்கத்தையும் பூட்டும் சிறிய கிளட்ச் ஒன்று அந்த வேகத்தில்தான் பிடிக்க ஆரம்பிக்கிறது. திம்பம் ஏற்றத்தில் குலுக்கல் கூடியதற்கும் ஒரு காரணம் சொல்லலாம். வெப்பநிலை 10 டிகிரி கூடினால் வினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்று பிளஸ் டூவில் ஒரு தோராய விதி சொல்லித் தருகிறோம். மலை ஏறும் ஒவ்வொரு முறையும் அந்த ஆயில் சமவெளியில் பல நாள் ஓடிய அளவுக்கு வயதாகி இறங்கியிருக்கும்.

இதைப் படிக்கப் போய் ஒரு விஷயம் கண்ணில் பட்டு, இரண்டு நாள் மனதை விட்டு அகலவே இல்லை. 1970களின் தொடக்கம் வரை அமெரிக்காவில் இந்த ஆயிலில் உராய்வைப் பதப்படுத்தச் சேர்த்தது திமிங்கில எண்ணெய். ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் தலையிலிருந்தும் கொழுப்பிலிருந்தும் எடுத்தது. அதில் பெரும்பகுதி மெழுகு எஸ்டர். கார் கியர்பாக்ஸுக்கு அவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கிறது. தடை வந்த பிறகுதான் செயற்கைச் சேர்மங்களைத் தேடினார்கள். பாலைவனச் செடியான ஹொஹோபாவின் விதை எண்ணெயும் அதே வகை எஸ்டர் என்பதால் அப்போது அதன் மேல் எல்லோர் பார்வையும் விழுந்தது. இன்றைக்கு ஷாம்பு பாட்டிலில் அதன் பெயரைப் பார்க்கிறோம். எஸ்டர் பாடம் எடுக்கும்போது வாழைப்பழ வாசனை, பேரிக்காய் வாசனை என்று மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தேன். அடுத்த ஜூனிலிருந்து திமிங்கிலத்தையும் சொல்லப் போகிறேன்.

சரி, எந்த ஆயில்? இதில் மட்டும் விட்டுக்கொடுக்கவே கூடாது. இந்த சிவிக் வந்த காலத்தில் ஹோண்டா சொன்னது ஏடிஎஃப் இசட்1. 2010-ஐ ஒட்டி அதற்குப் பதிலாக டிடபிள்யூ-1 வந்தது. பழைய வண்டிக்கும் அதையே ஊற்றலாம். இதே கம்பெனியின் 2014 சிட்டி சிவிடி வண்டிக்குப் போடும் ஹெச்சிஎஃப்-2 முற்றிலும் வேறு. அது பெல்ட் கியர்பாக்ஸுக்கு உரியது, இதில் ஊற்றக் கூடாது. ஹோண்டாவின் இந்த ஆட்டோமேட்டிக்கே மற்றவர்களுடையதைப் போல இல்லை. பெரும்பாலான கம்பெனிகள் கோள்கள் சூரியனைச் சுற்றுவது போலப் பல்சக்கரங்களை அமைப்பார்கள். ஹோண்டா 1968-ல் என்360 என்ற குட்டிக் காரில் தன் சொந்த ஆட்டோமேட்டிக்கைப் போட்ட காலத்திலிருந்தே, சாதாரண கியர்பாக்ஸ் மாதிரி பக்கத்துப் பக்கத்தில் தண்டுகளை வைத்து, ஒவ்வொரு கியருக்கும் ஒரு கிளட்ச் கொடுக்கும் வழியில் போனது. படத்தைப் பார்த்ததும் அப்பாவின் முகம் தெளிந்தது. "இது நம்ம பாக்ஸ் மாதிரிதான இருக்குது!" என்றார். அதற்கப்புறம்தான் அவருக்கு இந்த வேலையில் முழு மனதும் வந்தது.

வண்டி தாழ்வானது. அடியில் கை விடக்கூட இடம் இல்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது என்பது அப்பாவின் முதல் சட்டம். டெப்போவில் அதனால் நடந்ததை அவர் பார்த்திருக்கிறார், விவரம் சொல்ல மாட்டார். மரக்கடையில் இரண்டு அங்குலப் பலகை வாங்கிவந்து, ஒன்றின் மேல் ஒன்று படிக்கட்டு மாதிரி நீளம் குறைத்து அடுக்கி, ஆணி அடித்து இரண்டு சாய்தளம் செய்தார். முன்சக்கரங்கள் அதன் மேல் ஏறி நிற்கும். பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கருங்கல்.

நான் செய்தது அளவு கேன். ஐந்து லிட்டர் கடலை எண்ணெய் வாங்கிய, உள்ளே இருப்பது வெளியே தெரியும் கேனைக் கழுவி, வெயிலில் இரண்டு நாள் காயவைத்து, பள்ளி ஆய்வகத்தின் அளவு ஜாடியால் 100 மி.லி. 100 மி.லி. ஆகத் தண்ணீர் ஊற்றி மார்க்கரால் கோடு போட்டேன். பிறகு மறுபடி காயவைத்தேன். ஒரு சொட்டு ஈரம் கூட இருக்கக் கூடாது. எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு உள்ளே போக வேண்டும். இந்த வேலையின் பாதி இதுதான். ஆனால் அதற்கு முன் இன்னொன்று இருக்கிறது. பழைய ஆயிலை இறக்குவதற்கு முன்பே டிப்ஸ்டிக்கை எடுத்து மட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். ஏற்கெனவே குறைவாக இருந்தால், வந்த அளவே ஊற்றிப் பழைய குறையைத்தான் திரும்ப வைப்போம். எங்களுடையது மேல்கோட்டுக்குக் கொஞ்சம் கீழே இருந்தது.

பத்து நிமிஷம் ஓட்டி ஆயிலைச் சூடாக்கி வந்து, சாய்தளத்தில் ஏற்றினோம். ஆயிலை இறக்கத் திறக்கும் டிரெயின் நட் இடது முன்சக்கரப் பக்கம், கியர்பாக்ஸின் அடியோரம். இதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. வசதி, அதன் தலையில் முக்கால் அங்குலத்தில் பாதி, அதாவது 3/8 அங்குலச் சதுரக் குழி இருக்கும். ரேட்செட் என்ற திருகும் கைப்பிடியின் முனை நேராக அதில் உட்கார்ந்துவிடும், சாக்கெட் வேண்டாம். ஆபத்து, எஞ்சின் ஆயில் டிரெயின் நட்டும் அடியில்தான் இருக்கிறது. அதற்கு ஆறு பட்டைத் தலை, 17 ஸ்பேனர். ஒன்றுக்குப் பதிலாக இன்னொன்றைத் திறந்து, கியர்பாக்ஸைக் காலியாக்கிவிட்டு எஞ்சினில் கூடுதலாக ஆயில் ஊற்றியவர்கள் உண்டு. சதுரக் குழி என்றால் கியர்பாக்ஸ். மனதில் வையுங்கள்.

முன்பு யார் முடுக்கினார்களோ, ரேட்செட் அசையவே இல்லை. அப்பா கை வலுவைக் கூட்டவில்லை. எழுந்து போய் அரை மீட்டர் இரும்புப் பைப் எடுத்துவந்து கைப்பிடியில் செருகினார். முனை குழியில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். அப்புறம் இடது உள்ளங்கையால் ரேட்செட் தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பைப்பை இழுத்தார். 'டக்' என்று ஒரே சத்தம். "தலையைப் புடிக்காம இழுத்தா குழி உருண்டுரும்" என்றார். இதை எந்தக் கையேட்டிலும் நான் படிக்கவில்லை.

நட் வெளியே வந்ததும் ஆயில் நேர் கீழே விழாது, பக்கவாட்டில் பாயும். பேசினை ஒரு சாண் தள்ளியே வைத்திருந்தோம். வந்தது சிவப்பு இல்லை. புதிய ஆயில் ரோஸ்மில்க் எசன்ஸ் நிறத்தில் இருக்கும். ஒழுகினால் எஞ்சின் ஆயிலிலிருந்து பிரித்துத் தெரிய வேண்டும் என்றுதான் சாயம் போடுகிறார்கள். எங்களுடையது புளிக்கரைசல் மாதிரி. முகர்ந்து பார்த்தேன். எண்ணெய் வாடைதான், தீய்ந்த வாடை இல்லை. அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. தீய்ந்த வாடை வந்திருந்தால் கிளட்ச் தட்டுகளே கருகியிருக்கும், ஆயில் மாற்றிப் பயன் இருந்திருக்காது.

டிரெயின் நட்டின் நுனியில் ஒரு காந்தம் உண்டு. அதில் சாம்பல் நிறத்தில் களிம்பு, விபூதியைத் தண்ணீரில் குழைத்தது போல, மூன்று மி.மீ. கனத்துக்கு ஒட்டியிருந்தது. அப்பா அதைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெதுவாகத் தேய்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தேய்த்தார். நான் காத்திருந்தேன். "நறநறன்னு இல்ல, மாவுதான்" என்றார். மாவாக இருந்தால் இத்தனை வருஷத் தேய்மானம், சாதாரணம். சில்லு சில்லாகக் கம்பித்துண்டோ பல்துண்டோ இருந்தால் உள்ளே ஏதோ உடைந்திருக்கிறது என்று அர்த்தம்.

ராத்திரி முழுக்கச் சொட்டட்டும் என்று விட்டுவிட்டோம். அப்பா ஒரு அட்டையில் 'ஆயில் இல்லை – ஸ்டார்ட் செய்யாதே' என்று எழுதி ஸ்டீயரிங்கில் கட்டித் தொங்கவிட்டார். வீட்டில் வண்டி ஓட்டுவது நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டு பேருக்கும் தெரியும். இருந்தாலும் கட்டினார்.

இனி கணக்கு. கேனில் ஊற்றியதும் ஆய்வகத் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்தேன், 55 டிகிரி. அளவு 2,360 மி.லி. மறுநாள் காலை 28 டிகிரியில் பார்த்தால் 2,310. ஐம்பது மி.லி. எங்கும் சிந்தவில்லை, சூடு தணிந்து சுருங்கியிருக்கிறது. எண்ணெய் ஒவ்வொரு டிகிரிக்கும் பத்தாயிரத்தில் ஏழெட்டுப் பங்கு விரியும். 27 டிகிரிக்கு அது இரண்டு சதவீதம். சூட்டில் அளந்து குளிர்ந்த புது ஆயிலை அதே அளவுக்கு ஊற்றுபவர் தெரியாமலே கூடுதலாக ஊற்றிவிடுவார். ஆறவைத்து அளங்கள்.

கையேட்டில் மாற்றும் அளவு 2.4 லிட்டர் என்று இருக்கிறது. "வந்தது ரெண்டு முந்நூத்திப் பத்து. மீதித் தொண்ணூறு எங்க அம்மிணி?" என்று அப்பா கேட்டார். பேசின் சுவரில் ஒட்டியது, துணியில் துடைத்தது, வண்டியின் அடித்தகட்டில் தெறித்தது, மட்டம் முதலிலேயே கொஞ்சம் குறைவாக இருந்தது. எல்லாம் சேர்ந்தால் தொண்ணூறு வந்துவிடும். ஆனால் ஊகத்தின் பேரில் ஊற்ற அவருக்குச் சம்மதம் இல்லை. முதலில் 2,310 ஊற்றுவோம், மட்டம் பார்ப்போம், அப்புறம் மீதி என்றார். அப்படியே செய்தோம்.

நட்டுக்குப் புது அலுமினிய வாஷர் போட வேண்டும், 18 மி.மீ. அளவு. பழையது ஒரு முறை நசுங்கினால் மறுபடி சரியாக அடைக்காது. முடுக்கும் அளவு 49 நியூட்டன் மீட்டர். முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் எங்களிடம் இல்லை. 49 என்பது ஏறக்குறைய 5 கிலோ எடை, 1 மீட்டர் கை. அதாவது ஒரு மீட்டர் நீளக் கம்பியின் நுனியில் ஐந்து கிலோ தொங்கினால் என்ன முறுக்கோ, அது. அரை மீட்டர் என்றால் பத்து கிலோ. பழைய பேப்பர்காரர் வைத்திருப்பாரே, அந்தக் கொக்கித் தராசு எங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறது. ரேட்செட் மையத்திலிருந்து பைப்பில் சரியாக 50 செ.மீ. அளந்து டேப் சுற்றினேன். அங்கே தராசுக் கொக்கியை மாட்டி, பைப்புக்குச் செங்குத்தாக இழுத்தேன். எண் 10-ஐத் தொட்டதும் நிறுத்தினேன். அதற்கு முன் அப்பாவைக் கைக்கணக்கில் முடுக்கச் சொல்லி, தராசு என்ன காட்டுகிறது என்று பார்த்திருந்தேன்: 9.6. ஓய்வு பெற்றுப் பத்து வருஷம் ஆகிறது அவருக்கு.

ஊற்றுவதற்கு டிப்ஸ்டிக் ஓட்டைதான் எங்களுக்கு எளிதாக இருந்தது. நீளமான குழாய் வைத்த புனலில் நூல் மாதிரி மெல்லிய தாரையாக ஊற்ற வேண்டும். அவசரப்பட்டால் காற்று ஏறி மேலே பொங்கும். இருபது நிமிஷம் பிடித்தது. பிறகு எஞ்சினை ஸ்டார்ட் செய்து, பிரேக்கை மிதித்தபடி லீவரை ஒவ்வொரு நிலையிலும் சில விநாடி நிறுத்தி எல்லாவற்றுக்கும் போய்த் திரும்பினோம்.

மட்டம் பார்ப்பதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். பல கம்பெனி வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது பார்க்க வேண்டும். ஹோண்டாவின் இந்த வகையில் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டும். வண்டி சமதரையில் நிற்க வேண்டும். ஏசியை அணைத்துவிட்டு, ரேடியேட்டர் ஃபேன் தானாகச் சுற்றும் வரை எஞ்சினைச் சூடாக்கி, நிறுத்தி, 60-லிருந்து 90 விநாடிக்குள் டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்க்க வேண்டும். நான் செல்போனில் விநாடி எண்ண, அப்பா எடுத்தார். மேல்கோட்டுக்கு மேலே வரை ஈரம்! இரண்டு பேருக்கும் திக்கென்றது. 2,310-தானே ஊற்றினோம், எப்படி அதிகமாகும்? துடைத்து மறுபடி விட்டால் ஒரு பக்கம் மேலே, மறுபக்கம் கீழே காட்டுகிறது. காரணம் புரிய நேரமாயிற்று. நாங்கள் அதே ஓட்டை வழியாகத்தான் ஆயிலை ஊற்றியிருந்தோம். ஓட்டையின் சுவர் முழுக்க ஆயில் படிந்திருக்கிறது, டிப்ஸ்டிக் போகும்போதும் வரும்போதும் அதைத் தடவிக்கொள்கிறது. அரைமணி நேரம் ஆறவிட்டு, ஒரு சுற்று ஓட்டிவந்து, நாலைந்து முறை துடைத்துத் துடைத்துப் பார்த்தபோதுதான் உண்மையான கோடு தெரிந்தது. இரண்டு கோட்டுக்கும் நடுவில். மீதித் தொண்ணூறையும் ஊற்றினோம், மேல்கோட்டின் அடியைத் தொட்டது. இரண்டு லிட்டர் நானூறு.

ஏன் மூன்று தடவை? இந்த கியர்பாக்ஸில் மொத்தம் ஆறு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆயில் இருக்கிறது. நட்டைத் திறந்தால் 2.4 தான் வரும். மீதி டார்க் கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் தங்கிவிடும். ஆறு என்றே வைத்துக்கொள்வோம். முதல் தடவை மாற்றினால் பழையது 60 சதவீதம் மிச்சம். ஓட்டிக் கலந்தபின் மறுபடி மாற்றினால் அதில் அறுபது, அதாவது 36. மூன்றாவது தடவை 22-க்குள். நாலாவது 13. மூன்றுக்குப் பிறகு ஊற்றும் ஆயிலுக்கு ஏற்ற பலன் குறைகிறது. இந்த மாதிரி நடுக்கத்துக்கு மூன்று முறை இறக்கி ஊற்றும் வழி ஹோண்டாவே ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சொல்லியிருக்கும் வழிதான். அழுத்திக் கழுவும் மெஷினை விட இது எனக்குப் பிடித்திருக்கிறது, பழைய ஆயில் படிப்படியாக விலகுகிறது. துணியை ஒரே வாளித் தண்ணீரில் அலசுவதை விட அதே தண்ணீரை மூன்றாகப் பிரித்து மூன்று முறை அலசினால் அழுக்கு அதிகம் போகும், அதே கணக்கு.

ஒவ்வொரு தடவையும் வடிந்த ஆயிலில் ஒரு சொட்டை வடிதாளில் விட்டு ஒரு நாள் காயவைத்தேன். முதல் தாளில் நடுவில் கரும்புள்ளி, அதைச் சுற்றிப் பழுப்பு வளையம், வெளி ஓரத்தில் மங்கலான மஞ்சள். இரண்டாவதில் புள்ளி சாம்பலாகி வளையத்தில் சிவப்பு எட்டிப் பார்த்தது. மூன்றாவது தாள் இளஞ்சிவப்பு, நடுவில் பென்சிலால் அழுத்தியது போல ஒரு சிறு கறை. மூன்றையும் தேதியும் கிலோமீட்டரும் எழுதி ஒரு நோட்டில் ஒட்டியிருக்கிறேன். காந்தத்தின் களிம்பும் அப்படியே குறைந்தது. மூன்றாம் முறை துணியால் ஒரு தடவை துடைத்ததும் போய்விட்டது.

குலுக்கல் முதல் தடவைக்கே பாதி குறைந்தது. நடுக்கம் இரண்டாவது முறைக்கு அப்புறம், இருநூறு கி.மீ. ஓடிய பிறகு, தேடினாலும் கிடைக்கவில்லை. ஆனால் எல்லா வண்டிக்கும் இது மருந்து என்று நான் சொல்ல மாட்டேன். எஞ்சின் சத்தம் ஏறி வண்டி நகராமல் வழுக்கினால், ஆயில் கருகி நாறினால், தட்டுகள் தேய்ந்து போயிருக்கும். பழைய கியர்பாக்ஸுக்குப் புது ஆயில் ஊற்றினால் கெட்டுவிடும் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அப்படிக் கெட்டவை பெரும்பாலும், வழுக்க ஆரம்பித்த பிறகு கடைசி முயற்சியாக ஆயில் மாற்றியவை என்றுதான் நினைக்கிறேன். பழி கடைசியாக ஊற்றிய ஆயிலின் மேல் விழுகிறது. வழுக்காத, கருகாத வண்டிக்குத் தாராளமாக மாற்றலாம், முன்கூட்டியே மாற்றலாம்.

பழைய ஆயில் மூன்று தடவைக்கும் சேர்ந்து ஏழு லிட்டர். அப்பா காலத்தில் அதை வேலிக் கால்களுக்குப் பூசுவார்கள், கரையான் வராது என்று. அவர் ஒரு வார்த்தை கேட்டுப் பார்த்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. காலிங்கராயன் வாய்க்காலில் ஒரு நாள் நீலமும் ஒரு நாள் சிவப்புமாகச் சாயத் தண்ணீர் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவள் நான். மண்ணில் போனது தண்ணீருக்கு வராமல் இருக்காது. மூடி இறுக்கிய கேன்களில் எடுத்துப் போய், கழிவு ஆயிலைச் சேர்த்து மறுசுத்திகரிப்புக்கு அனுப்பும் ஒர்க்‌ஷாப் ஒன்றின் பீப்பாயில் ஊற்றிவிட்டு வந்தோம். காசு கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அப்பா தாளவாடிக்கு ஓட்டினார், நான் பக்கத்தில். பதினைந்தாவது வளைவில் இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினோம். மூன்றாவது கியர் விழுந்தது எனக்குத் தெரியவில்லை, ஆர்பிஎம் முள் இறங்கியதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். அத்தை வீட்டில் சாப்பிடும் நேரத்துக்கு வண்டிக்கு அடியில் ஒரு அட்டையை விரித்துவைத்துவிட்டு உள்ளே போனார். திரும்பி வந்து குனிந்து அட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். காய்ந்திருந்தது. மடித்து டிக்கியில் போட்டார், ஊர் போனதும் இன்னொரு தடவை விரிக்க வேண்டுமாம்.